அம்மைக்குத் தெரியும், கேமராவுக்குத் தெரியாது

கைப்பேசிக் கேமராவை ஒருவர் முகத்துக்கு நேரே நீட்டினால் திரையில் சின்னக் கட்டம் ஒன்று வந்து முகத்தைச் சுற்றி உட்காரும். நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையத்தில் நிற்பவரானாலும், மண்டைக்காட்டுக் கொடைக்கு வந்தவரானாலும், கன்னியாகுமரிக் கண்ணாடிப் பாலத்தில் செல்ஃபி எடுப்பவரானாலும் அதே கட்டம்தான். 'இங்கே ஒரு முகம் இருக்கிறது' என்பதைத்தான் அந்தக் கட்டம் சொல்கிறது. 'இது இன்னாருடைய முகம்' என்று சொல்வது அதற்கு அடுத்த வேலை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவருக்கு, முக அடையாளத் தொழில்நுட்பத்தின் பாதி புரிந்துவிடும்.

அந்தக் கட்டத்தோடு விளையாடும் உருவப்படங்கள் கடந்த பதினைந்து ஆண்டுகளில் ஒரு தனி வகையாகவே வளர்ந்திருக்கின்றன. 2010-ல் ஆடம் ஹார்வி என்ற கலைஞர், நியூயார்க் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது, தலைமுடியையும் முகப்பூச்சையும் மட்டும் வைத்து முகம் தேடும் மென்பொருளைத் தடுமாற வைத்தார். 'சிவி டாஸில்' என்று அதற்குப் பெயர் வைத்தார். முதல் உலகப் போரில், 1917 முதல், கப்பல்களின் மேல் கோணல்மாணலாகப் பட்டை அடித்து, அவை எந்தத் திசையில் எவ்வளவு வேகத்தில் போகின்றன என்று எதிரி கணிக்க முடியாமல் செய்த உத்தியின் பெயர்தான் 'டாஸில்'; 'சிவி' என்பது கணினிப் பார்வை (Computer Vision) என்பதன் சுருக்கம். 2014-ல் லியோ செல்வாஜியோ தன் சொந்த முகத்தையே முகமூடியாக வார்த்து மற்றவர்கள் போட்டுக்கொள்ளக் கொடுத்தார். 2017-ல் ஹார்வி எதிர்த்திசையில் போனார்: முகத்தை மறைப்பதற்குப் பதில், துணி முழுவதும் மென்பொருளின் கண்ணுக்கு மட்டும் முகமாகத் தெரியும் வடிவங்களை அச்சிட்டார்.

இவற்றைக் கவசம் என்று நம்பி யாரும் தெருவில் இறங்க வேண்டாம். ஏன் என்பதைப் பின்னால் பார்ப்போம். உருவப்படக் கலைக்கு இந்த விளையாட்டு தருவது வேறொன்று, அது ஒரு கடினமான தேர்வு. படத்தைப் பார்த்த உடனே 'இது நம்ம பயல்லா' என்று அம்மை சொல்ல வேண்டும்; மென்பொருளுக்கு ஆள் பிடிபடக் கூடாது. முகத்தை எடுத்துவிட்டு ஆளை மட்டும் படத்தில் நிறுத்த முடியுமா என்பதுதான் கேள்வி. வேடம் கட்டுவதும் ஓலை பின்னுவதும் பூக் கட்டுவதும் தோல்பாவை ஆட்டுவதும் பழகிய குமரி மாவட்டத்தில் இந்தத் தேர்வை எழுத வேண்டிய சாமான்கள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன.

படம் எடுத்தவரும் பிடிக்க வந்தவரும்

உருவப்படமும் காவல் துறையும் ஏறக்குறைய ஒன்றாகப் பிறந்தவை. 1871-ல் பாரிஸ் கம்யூன் எழுச்சியின்போது தடுப்பரண்களின் மேல் ஏறி நின்று பெருமையாகப் படம் எடுத்துக்கொண்டவர்களை, எழுச்சி ஒடுக்கப்பட்ட பின் அதே படங்களை வைத்துத் தேடினார்கள். 1880-களில் பாரிஸ் காவல் துறையின் அல்ஃபோன்ஸ் பெர்த்தியோன், நேர்முகம் ஒன்று, பக்கவாட்டு முகம் ஒன்று என்று படம் எடுத்து, தலை, காது, கை விரல் அளவுகளோடு அட்டையில் பதியும் முறையை உண்டாக்கினார். இங்கே சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் மூக்களவு, தலையளவு எடுத்து 1909-ல் ஏழு தொகுதிகளாக வெளியிட்டார். மூக்கின் அகலத்தை அளந்தால் மனிதரை வகைப்படுத்திவிடலாம் என்ற எண்ணம் அன்றைக்கே இருந்தது. இன்றைய மென்பொருள் அதைவிடப் பல மடங்கு நுட்பமானது, ஆனால் அளப்பவர் ஒரு பக்கம், அளக்கப்படுபவர் ஒரு பக்கம் என்ற ஏற்பாடு மாறவில்லை.

இந்தியாவில் 1920-ம் ஆண்டின் கைதிகள் அடையாளச் சட்டத்தின் இடத்துக்கு 2022-ல் புதிய சட்டம் வந்தது. கருவிழி, விழித்திரைப் பதிவுகளையும் அது சேர்த்துக்கொள்கிறது. பதிவுகளை 75 ஆண்டுகள் வைத்திருக்க அனுமதிக்கிறது. தமிழ்நாடு காவல் துறை 2021-ல் மாநிலம் முழுவதற்குமான முக அடையாள மென்பொருளைப் பயன்பாட்டுக்குக் கொண்டு வந்தது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துச் சொன்னது அதற்கு முன்பே, 2017 ஆகஸ்ட் 24-ல். இரண்டும் ஒரே நாட்டில்தான் இருக்கின்றன. அந்த இடைவெளியில் நின்று எடுக்கப்படுவதுதான் இந்த வகைப் படம்.

இயந்திரம் முகத்தில் எதைப் பார்க்கிறது

ஹார்வியின் முதல் படங்கள் குறிவைத்தது பால் வயோலாவும் மைக்கேல் ஜோன்ஸும் 2001-ல் வெளியிட்ட முறையை. பழைய டிஜிட்டல் கேமராக்களில் முகத்துக்குக் கட்டம் போட்டது பெரும்பாலும் அதுதான். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, 24-க்கு 24 புள்ளி அளவுள்ள சின்னச் சன்னலை அதன் மேல் நகர்த்திக்கொண்டே போகும். பெரிய முகத்துக்கும் சிறிய முகத்துக்கும் ஏற்ப அளவை மாற்றி மறுபடி நகர்த்தும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கேட்பது ஒரே வகைக் கேள்வி: இந்தச் செவ்வகம் பக்கத்துச் செவ்வகத்தைவிட இருட்டாக இருக்கிறதா? முதல் கேள்வி, கண் பகுதி அதற்குக் கீழே உள்ள கன்னத்தைவிடக் கறுத்திருக்கிறதா என்பது. இரண்டாவது, இரண்டு கண்களுக்கும் நடுவே மூக்குத்தண்டு வெளுத்திருக்கிறதா என்பது. இந்த இரண்டிலேயே முகமல்லாத இடங்களில் பாதிக்கு மேல் கழிந்துவிடும். மிஞ்சியவை 38 படிகளில் ஏறத்தாழ 6,000 சோதனைகளைத் தாண்டினால்தான் கட்டம் விழும். ஒரு படியில் தவறினாலும் வெளியே.

ஆகவே இந்த முறையை ஏமாற்ற முகத்தை முழுக்க மூட வேண்டியதில்லை. மூக்குத்தண்டை இருட்டாக்கினால் போதும், அல்லது ஒரு கண்ணை மறைத்துச் சமச்சீரைக் குலைத்தால் போதும். கண்ணுக்கு மை தீட்டி உதட்டுக்குச் சாயம் பூசினால் நேர்மாறாக நடக்கும்: இயந்திரம் தேடும் இருட்டும் வெளிச்சமும் இன்னும் அழுத்தமாகி, முகம் இன்னும் எளிதாகக் கிடைக்கும்.

இன்றைய கைப்பேசியிலும் புதிய சிசிடிவியிலும் இருப்பவை நரம்பு வலை மென்பொருள்கள். லட்சக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகியவை. முகம் திரும்பியிருந்தாலும், பாதி மறைந்திருந்தாலும் கண்டுகொள்ளும். கண்ட பிறகு இரண்டு கண், மூக்கு நுனி, இரண்டு வாய்க்கோடி என்ற ஐந்து புள்ளிகளைக் குறித்து, முகத்தை நேராகத் திருப்பி, சின்னச் சதுரமாக வெட்டும். 112-க்கு 112 புள்ளி என்பது வழக்கமான அளவு. அந்தச் சதுரத்தை 128 அல்லது 512 எண்கள் கொண்ட வரிசையாக மாற்றும். இரண்டு படங்களின் எண் வரிசைகள் எவ்வளவு நெருக்கம் என்று கணக்கிட்டு, ஒரு வரம்புக்குள் வந்தால் 'ஒரே ஆள்' என்று சொல்லும். கூர்ந்து கவனித்தால் மூன்று இடங்களில் இடறலாம்: முகமே இல்லை என்று நினைக்க வைப்பது, ஐந்து புள்ளிகளைத் தவறான இடத்தில் வைக்கச் செய்வது, எண் வரிசையை விலக்குவது. கண்டிப்பாக ஒன்றையாவது குறிவைத்துத்தான் படம் எடுக்க வேண்டும். எதைக் குறிவைக்கிறோம் என்று தெரியாமல் முகத்தில் கண்டபடி வண்ணம் பூசுவதால் முகம் அழகாகலாம், வேறொன்றும் ஆகாது.

மனிதக் கண் வேறு வழியில் வேலை செய்கிறது. பழக்கமான முகம் என்றால் மிகவும் மங்கலான படத்திலும் தெரிந்துவிடும். பிரபலமானவர்களின் படத்தில் கண்ணை அழிப்பதைவிடப் புருவத்தை அழித்தால் அடையாளம் காண்பது கடினமாகிறது என்று 2003-ல் ஒரு ஆய்வு காட்டியது. நெகட்டிவில் சொந்தக்காரரையே கண்டுபிடிக்கத் திணறுவோம் என்பது பழைய ஸ்டுடியோக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். இந்த வேறுபாட்டில்தான் நம் தேர்வின் விடை இருக்கிறது: புருவத்தையும் தோள்வாகையும் அம்மைக்காக விட்டுவைத்து, மூக்குத்தண்டையும் ஒளியின் திசையையும் இயந்திரத்திடமிருந்து பறித்துக்கொள்ள வேண்டும்.

வேடமும் பூவும்

1956 நவம்பர் 1 வரை இந்த மாவட்டம் திருவிதாங்கூரையும், 1949 முதல் திருவிதாங்கூர்-கொச்சியையும் சேர்ந்திருந்ததால் கதகளி இங்கே அந்நியமில்லை. திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயில் திருவிழாவில் இரவு ஆட்டமாக நடப்பது. கதகளியின் பச்சை வேடம் முகத்தை மறைப்பதுபோல் தோன்றும். ஆனால் புருவத்தையும் கண்ணையும் கறுப்பால் அகலமாக்கி, தாடையோரம் சுட்டி என்ற வெள்ளை விளிம்பு வைத்து, முகத்தின் அமைப்பைத் தூரத்தில் இருப்பவருக்கும் தெரியும்படி பெரிதாக்குவதுதான் அதன் வேலை. ஆகவே செவ்வகங்களை ஒப்பிடும் பழைய முறைக்கு அது உதவியே செய்கிறது. கத்தி வேடம் அப்படியல்ல. மூக்கு நுனியிலும் நெற்றியிலும் வெள்ளை உருண்டைகள், மூக்கின் இருபுறமும் மேல்நோக்கி வளையும் சிவப்புப் பட்டை என்று முகத்தின் நடுப்பகுதியையே கலைத்துப் போடுகிறது. விளையாட்டுப் படத்துக்குக் கடன் வாங்க வேண்டியது கத்தி வேடத்தின் கணக்கைத்தான்: விளிம்பை விட்டுவிடு, நடுவைக் கலை.

செய்யும் முறை எளிது. நெற்றியின் நடுவிலிருந்து மூக்குத்தண்டு வழியாக ஒரு கன்னத்துக்குச் சாய்வாக இறங்கும் 3 செ.மீ. அகலப் பட்டை ஒன்று, தோல் நிறத்தைவிட நன்றாகக் கறுத்தது. எதிர்க் கண்ணுக்கு மேலே, புருவத்தைத் தொடாமல், வெளுத்த பட்டை ஒன்று. தண்ணீரில் கரையும் முகவண்ணம் போதும். முதலில் தேங்காயெண்ணெய் தடவினால் அந்த வண்ணம் ஒட்டாமல் திட்டுத் திட்டாக வழியும், எண்ணெய் சேர்த்த அரிதாரத்துக்கு மட்டும்தான் எண்ணெய் அடித்தளம். அரிதாரம் என்ற சொல்லே ஒரு மஞ்சள் கனிமத்தின் பெயர், ஆர்செனிக் கலந்தது. பழைய முறைச் சிவப்பான சாயில்யத்தில் பாதரசம் இருக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் கிடைத்தாலும் இரண்டையும் ஒரு பொழுதுபோக்குப் படத்துக்காகத் தோலில் பூசக் கூடாது. பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் போஸ்டர் வண்ணமும் முகத்துக்கானதல்ல.

அம்மை புருவத்தை வைத்துக் கண்டுகொள்வாள் என்பதால் இரண்டு புருவத்தையும் வெறுமனே விடுங்கள். புருவத்தையும் சேர்த்து மூடிவிட்டால், இயந்திரத்தோடு சேர்ந்து வீட்டாரும் தோற்பார்கள், அது வெறும் முகமூடிப் படமாகிவிடும். குலசேகரன்பட்டினம் தசராவுக்கு நம் பக்கத்திலிருந்து காளியும் குறவனும் காவலருமாக வேடம் கட்டிப் போகிறவர்களை ஊர்க்காரர்கள் அரை நொடியில் பெயர் சொல்லி அழைக்கிறார்களே, அது நடையையும் குரலையும் வைத்து. அசையாத படத்தில் அந்த இரண்டும் கிடையாது. எனவே ஆளின் நிற்கும் விதம், கை வைக்கும் விதம் இவற்றைப் படத்துக்குள் கொண்டு வர வேண்டும். மார்பளவில் வெட்டாமல் முட்டளவுக்காவது எடுக்க வேண்டும்.

தோவாளை மாணிக்கமாலைக்கு 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சிவப்பு அரளி, வெள்ளை அரளி, பச்சை நொச்சி இலை இவற்றை மடித்துக் கட்டி, பாய்போலத் தட்டையாக, கட்டம் கட்டமாக வரும் மாலை. கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தால் சிவப்பும் பச்சையும் ஏறக்குறைய ஒரே சாம்பலாகி, வெள்ளை மட்டும் துள்ளி நிற்கும்: பழைய இயந்திரம் செவ்வகங்களைத்தான் ஒப்பிடுகிறது, இங்கே முகத்துக்கு நடுவே பொய்ச் செவ்வகங்கள் வரிசையாகக் கிடக்கின்றன. மாலையை முகத்தில் ஒட்டாதீர்கள். அரளி நச்சுச் செடி, பால் கண்ணிலோ வாயிலோ படக் கூடாது. கெட்டி அட்டையை வில்லாக வெட்டி, அதன் மேல் மாலையைக் கட்டி, முகத்துக்கு 10 செ.மீ. முன்னால் சாய்வாகப் பிடிக்கச் செய்தால் போதும். கையில் பிடிக்கும்போது விரல்கள் படத்தில் வரட்டும், நல்லது. அரளியைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பிள்ளைகளை வைத்து எடுப்பதானால் அரளிக்குப் பதில் குருத்தோலை, 2 செ.மீ. கீற்றுகளாகக் கிழித்து ஒன்றுவிட்டு ஒன்று பின்னிய தட்டி அதே வேலையைச் செய்யும்.

கீழிருந்து வெளிச்சம்

எல்லா முகம் தேடும் முறைகளும் வெளிச்சம் மேலிருந்து வருகிறது என்ற உலகத்தில் பழகியவை. சூரியன் மேலே, குழல் விளக்கு மேலே. அதனால்தான் கண்குழி இருட்டு, நெற்றி வெளிச்சம். 8 பாகை வடக்கில் இருக்கும் கன்னியாகுமரியில் ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும் நண்பகல் சூரியன் சரியாக உச்சந்தலைக்கு வருகிறது. ஏப்ரலில் அது கடிகாரத்தில் 12.20 மணி அளவில். அந்த நேரத்தில் வெளியில் எடுத்த படத்தில் கண்குழிகள் கறுத்து, இயந்திரம் தேடுவதை அப்படியே தட்டில் வைத்துக் கொடுக்கும்.

அதே வெயிலைத் திருப்பலாம். ஓட்டு வீட்டுத் தாழ்வாரத்தில் விளிம்பிலிருந்து 1 மீட்டர் உள்ளே, நிழலில், ஆளை உட்கார வையுங்கள். 60-க்கு 90 செ.மீ. அட்டையில் சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கி விரித்து ஒட்டி, முற்றத்து வெயிலில் தரையில் வைத்து, வெளிச்சம் தாடைக்குக் கீழிருந்து முகத்துக்கு ஏறும்படி சாய்க்க வேண்டும். கன்னத்தின் மேற்பகுதி இருண்டு, கண்குழியும் மூக்கின் அடிப்பாகமும் ஒளிரும். தாளைக் கசக்காமல் மழமழப்பாக ஒட்டினால் ஒளி கண்ணாடிபோல் ஒரே கற்றையாகக் கண்ணில் விழும், ஆபத்து. கசக்கினாலும் அட்டையை நேரே பார்க்க வேண்டாம், பார்வை கேமராவுக்குச் சற்று மேலே. தாழ்வாரத்துச் சுவர் வெள்ளையாக இருந்தால் பக்கவாட்டில் ஒளி சிதறி நிழலை நிரப்பிவிடும். கறுத்த போர்வை ஒன்றைப் பின்னாலும் பக்கத்திலும் தொங்கவிட்டால் தீரும். கைப்பேசியில் எச்டிஆரை (இருட்டையும் வெளிச்சத்தையும் சமப்படுத்தும் வசதி) அணைக்காவிட்டால் அது நிழலைத் தானே தூக்கிக் கொடுத்து, நீங்கள் செய்ததைக் கெடுக்கும். முதல் முயற்சியில் தோல்வி வருவது பெரும்பாலும் இதனால்தான்.

தோல்பாவையின் பாடம்

நாகர்கோவிலைச் சுற்றித் தோல்பாவைக் கூத்துக் குடும்பங்கள் வாழ்ந்த மாவட்டம் இது. பாவைகள் பெரும்பாலும் பக்கவாட்டு முகம் காட்டுபவை. ஒரு கண், ஒரு மூக்குக் கோடு, ஒரு தாடைக் கோடு. கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு இன்ன பாவை வந்துவிட்டது என்று திரையில் நிழல் விழுந்ததுமே தெரியும். இந்த வகைப் படங்களில் நாம் முதலிடம் கொடுப்பது நிழலுருவத்துக்குத்தான்; வண்ணமும் தந்திரமும் இல்லாமல் தேர்வை நேர்மையாக வெல்வது இதுதான்.

வெள்ளை ஒற்றை வேட்டியைச் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டுங்கள். கேமரா ஒரு பக்கம், ஆளும் விளக்கும் மறுபக்கம். நிழலின் கூர்மை விளக்கின் அகலத்தையும் தூரத்தையும் பொறுத்தது: விளக்கின் அகலத்தை, ஆளுக்கும் துணிக்கும் உள்ள தூரத்தால் பெருக்கி, விளக்குக்கும் ஆளுக்கும் உள்ள தூரத்தால் வகுத்தால் ஓரம் எவ்வளவு கலங்கும் என்று கிடைக்கும். 6 செ.மீ. பால்வண்ண எல்இடி பல்பு, ஆளிலிருந்து 3 மீட்டர். ஆள் துணியிலிருந்து 15 செ.மீ. என்றால் கலங்கல் 3 மி.மீ.தான், மூக்கு நுனியும் இமையும்கூடத் தெரியும். ஆள் 1 மீட்டர் தள்ளி நின்றுவிட்டால் கலங்கல் 2 செ.மீ., மூக்கு கரைந்துவிடும். பல்புக்குப் பதில் இன்னொரு கைப்பேசியின் டார்ச் வைத்தால் விளக்கின் அகலம் சில மி.மீ.தான், ஓரம் கத்திபோல் விழும். அறையில் வேறு வெளிச்சமே கூடாது. கேமராவை ஸ்டாண்டில் வைத்து ஐஎஸ்ஓ 400, ஷட்டர் 1/30 என்று தொடங்கி, துணி வெளுத்துப் போகாத அளவுக்குக் குறையுங்கள். கேமரா நேர்க்கோட்டில் இருந்தால் விளக்கே துணி வழியாகச் சுடரும். ஆளின் உடல் விளக்கை மறைக்கும்படி கேமராவைக் கொஞ்சம் நகர்த்த வேண்டும்.

முகம் போய்விட்டதால் இனி ஆளைச் சொல்ல வேண்டியது தொழிலும் உடலும். ரப்பர் வெட்டுபவர் கத்தியைப் பிடிக்கும் சாய்வு, வலை பழுது பார்ப்பவர் கால் விரலில் நூலை மாட்டி இழுக்கும் விதம், பனையேறியவரின் முதுகு, பாட்டியின் கொண்டை. ஸ்டுடியோவில் 'நேரா பாருங்க, தாடையைத் தூக்குங்க' என்று சொல்லிப் பழகிய வாய்க்கு இது கொஞ்சம் பிடிபடாது. ஆளிடம் அவர் வேலையைச் செய்யச் சொல்லி, கை பழகிய இடத்துக்குப் போய் நிற்கும் நொடிக்குக் காத்திருக்க வேண்டும்.

ஃபிளாஷைத் திருப்பி அனுப்பும் துவர்த்து

உயிர்காப்பு மிதவை உடுப்பில் தைத்திருக்கும் வெள்ளி நிற ஒளிர்பட்டையைக் கடற்கரை ஊர்களில் எல்லாரும் பார்த்திருப்பார்கள். வந்த வெளிச்சத்தை வந்த திசைக்கே அனுப்பும் பட்டை அது. 5 செ.மீ. அகலத்தில் இரண்டு வரி வாங்கி ஒரு துவர்த்தில் (துண்டில்) தைத்து, கழுத்தைச் சுற்றிப் போட்டு, 1.5 முதல் 3 மீட்டர் தூரத்திலிருந்து இருட்டில் ஃபிளாஷ் போட்டு எடுத்தால் துவர்த்து மட்டும் நெருப்பாக எரியும். கேமரா அந்த ஒளிக்கு ஏற்ப எக்ஸ்போஷரைக் குறைப்பதால் முகம் இருளில் மூழ்கும். ஃபிளாஷ் லென்சை ஒட்டி இருந்தால்தான் இது நடக்கும். கைப்பேசியில் இரண்டும் 1, 2 செ.மீ. இடைவெளியில் இருப்பதால் மிகப் பொருத்தம். ஸ்டுடியோவில் பக்கவாட்டில் நிறுத்திய விளக்கு எவ்வளவு பெரிதானாலும் பட்டை சாதாரண சாம்பல் துணியாகத்தான் தெரியும், ஏனென்றால் ஒளி விளக்குக்கே திரும்பிப் போகிறது, லென்சுக்கு வருவதில்லை. இரவுப் பயன்முறையை அணைத்துவிடுங்கள். திரையில் பட்டையின் மேல் தொட்டு எக்ஸ்போஷரைப் பூட்டுங்கள்.

சாலைப் பணியாளர் சட்டைக்கு வரும் மலிவான பட்டையில் நுண்ணிய கண்ணாடி மணிகள் வெளியில் திறந்து கிடக்கும். மழைத் தண்ணீர் படலம் பிடித்தால் ஒளிர்வது நின்றுவிடும். தென்மேற்குப் பருவமழை நாளில் அது ஏமாற்றும். கடல் உடுப்புக்கான பட்டையில் மேலே மூடிய அடுக்கு இருப்பதால் நனைந்தாலும் எரியும்.

சோதித்துப் பார்ப்பது

எடுத்த படத்தை 'முகம் தேடிப் பாருங்கள்' என்று அழைக்கும் இணையதளங்களில் ஏற்றாதீர்கள். மறைக்க நினைத்த முகத்தை முன்பின் தெரியாத சர்வரில் நாமே கொண்டு போய்க் கொடுத்தது போலாகும். சாதாரண மடிக்கணினியில் பைத்தான் என்ற நிரல் மொழியும் ஓப்பன்சிவி, டிலிப் என்ற இலவச மென்பொருள் தொகுப்புகளும் நிறுவி, இணையத்தைத் துண்டித்துவிட்டே செய்யலாம். மூன்று படிகளாகச் செய்யுங்கள். முதலில் ஓப்பன்சிவியோடு வரும் பழைய ஹார் முறையில் (மேலே சொன்ன வயோலா, ஜோன்ஸ் முறைதான்), அளவு மாற்றம் (scaleFactor) 1.1, அண்டை எண்ணிக்கை (minNeighbors) 5 என்று வைத்து ஓட்டுங்கள். பக்கவாட்டு முகத்துக்குத் தனிக் கோப்பு உண்டு. அது ஒரு பக்கம் திரும்பிய முகத்துக்கு மட்டுமே பழகியது, படத்தை இடவலமாகத் திருப்பி இன்னொரு முறை ஓட்ட வேண்டும். அடுத்து, நரம்பு வலையான யூநெட். முகம் என்று ஏற்பதற்கான அதன் மதிப்பெண் வரம்பு வழக்கமாக 0.9, படத்தின் அகல உயரத்தை அதற்குச் சரியாகக் கொடுக்காவிட்டால் தேடாமலே பிழைச் செய்தியோடு நின்றுவிடும், அதை 'முகம் இல்லை' என்ற விடையாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

யூநெட் முகத்தைக் கண்டுகொண்டால் மூன்றாவது படி. அதே ஆளின் வேடமில்லாத ஐந்து படங்களை வெவ்வேறு வெளிச்சத்தில் எடுத்து வைத்து, டிலிப் முறையில் 128 எண்களாக்கி, விளையாட்டுப் படத்தின் எண் வரிசை அவற்றிலிருந்து எவ்வளவு தூரம் என்று பாருங்கள். 0.6-க்குக் கீழே என்றால் ஒரே ஆள் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். கூடவே ஆளின் அண்ணன், தம்பி ஒருவரின் படத்தையும் ஒப்பிடுங்கள். சில வீடுகளில் அவர்களே 0.6-க்குள் வந்து நிற்பார்கள், அப்போது வரம்பை 0.5-க்கு இறக்க வேண்டும். பிறகு படத்தை 4-க்கு 6 அங்குலம் அச்சிட்டு, சொந்தக்காரர் ஐந்து பேரிடம், யாரென்று சொல்லாமல் காட்டுங்கள். பழைய முறை தோற்று, புதிய முறையும் தோற்று, ஐந்தில் நால்வர் பெயர் சொன்னால் அந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டலாம். பெரும்பாலான படங்கள் இரண்டாவது படியில் விழுந்துவிடும். வண்ணப் பட்டை வைத்த படங்கள் ஹாரை எளிதில் ஏமாற்றி, யூநெட்டிடம் மாட்டிக்கொள்வது வழக்கம். 2010-க்கும் இன்றைக்கும் இடையே இயந்திரம் எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்பதைக் கண்ணால் பார்க்க இதைவிட நேரான வழி இல்லை.

ஏன் இது கவசம் ஆகாது

படம் ஒரு நொடி. கண்காணிப்புக் கேமரா நொடிக்கு 25 படம் எடுக்கிறது. அதில் ஒன்றில் தலை திரும்பி முகம் சரியாக விழுந்தாலே போதும். 2020 ஜூலையில் அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட், கொரோனாவுக்கு முன் உருவான 89 மென்பொருள்களை முகக்கவசம் வரைந்த படங்களில் சோதித்தபோது பிழை 5 முதல் 50 விழுக்காடு வரை போனது. பின்னால் முகக்கவசத்துக்கென்றே பழக்கிய மென்பொருள்கள் அந்த இடைவெளியை வெகுவாகக் குறைத்துவிட்டன. இன்று தடுமாறுவது நாளை பயிற்சிப் பாடமாகிவிடும். தவிர, முகத்தில் பட்டை அடித்துக்கொண்டு வேப்பமூடு சந்திப்பில் நடப்பவரை இயந்திரம் தவறவிடலாம், அங்கே நிற்கும் மனிதர் ஒருவர்கூடத் தவறவிட மாட்டார்.

இணையத்தில் போட்ட படத்தில் பக்கத்தில் நிற்பவரின் முகத்தை மறைப்பதிலும் இதே பாடம் உண்டு. கலங்கடிப்பது, கட்டம் கட்டமாக்குவது எல்லாம் அரைகுறை. அப்படி மறைத்த முகங்களையும் மென்பொருளுக்குப் பழக்கி அடையாளம் காணலாம் என்று 2016-லேயே ஆய்வாளர்கள் காட்டினார்கள். சுழியாக முறுக்குவது இன்னும் மோசம்: 2007-ல் அப்படி முறுக்கிய ஒரு குற்றவாளியின் முகத்தை ஜெர்மானியக் காவல் நிபுணர்கள் நேராக்க, இண்டர்போல் வெளியிட்டது, ஆளும் பிடிபட்டார். முறுக்கில் தகவல் இடம் மாறுகிறதே தவிர அழிவதில்லை. கறுப்புச் சதுரத்தை மேலே வைத்து, படத்தைப் புதிய கோப்பாகச் சேமிப்பது ஒன்றே உருப்படியானது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இடக்குறிப்பு கழன்றுவிடும். 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பினால் எடுத்த இடமும் நேரமும் கூடவே போகும்.

விமான நிலையத்திலும் வாக்குச் சாவடியிலும் கடலோரக் காவல் சோதனையிலும் முகத்தை மறைத்து நிற்பது விளையாட்டல்ல. சிசிடிவி நோக்கி லேசர் அடிப்பது கேமராவையும் எதிரில் நிற்பவர் கண்ணையும் கெடுக்கும். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். ஸ்டுடியோ நடத்துபவர் பிள்ளைகளின் படத்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்குமுன், வேடத்தோடு எடுத்ததானாலும், எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

இதே அறிவு தலைகீழாக

இயந்திரம் முகத்தைத் தவறவிடுவது எல்லாருக்கும் விளையாட்டாக அமைவதில்லை. 2018-ல் ஜாய் புவோலாம்வினியும் டிம்னிட் கெப்ருவும் வெளியிட்ட ஆய்வில், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் வணிக மென்பொருள்கள் வெளுத்த ஆண்களிடம் 1 விழுக்காட்டுக்கும் குறைவாகவும், கறுத்த பெண்களிடம் 34.7 விழுக்காடு வரையும் தவறின. வெயிலிலும் உப்புக்காற்றிலும் கறுத்த முகங்கள் உள்ள கடற்கரை மாவட்டத்தில் இது ஏட்டுக் கணக்கல்ல. ஓய்வூதியர்களின் ஆயுள் சான்றை 2021 முதல் கைப்பேசியில் முகத்தைக் காட்டியே பதியலாம். அங்கே இயந்திரம் 'இவர் இல்லை' என்று சொன்னால் நிற்பது பென்ஷன்.

ஆகவே மேலே சொன்னதையெல்லாம் திருப்பிப் போட்டுச் செய்யுங்கள். தாத்தாவையோ பாட்டியையோ வாசலைப் பார்த்து உட்கார வையுங்கள், வாசலுக்கு முதுகு காட்டி அல்ல. காலை 8 மணி வெளிச்சம் நெற்றியிலும் கன்னத்திலும் ஒரே அளவாக விழும். பின்னால் சுவர், காலண்டரோ சாமி படமோ கூடாது, படத்தில் இருக்கும் முகத்தையும் இயந்திரம் எண்ணும். கண்ணாடியைக் கழற்றச் சொல்லுங்கள், புரை அறுவைக்குப் பின் போடும் கறுப்புக் கண்ணாடியானால் கட்டாயம். லென்சில் படிந்த உப்பையும் எண்ணெயையும் மெல்லிய துணியால் துடையுங்கள். கைப்பேசியை மடியிலிருந்து மேல்நோக்கிப் பிடிக்காமல், கண் மட்டத்தில் ஒரு கை தூரத்தில் பிடியுங்கள். கண்ணை இமைக்கச் சொல்லித் திரையில் வரும். காது கேளாதவர்களுக்குத் தோளில் தட்டி, நாம் இமைத்துக் காட்டினால் அவர்களும் இமைப்பார்கள். இரண்டு முறை தவறினால் இடத்தை மாற்றுங்கள், அடுத்த அறையின் சன்னல் பக்கம் பெரும்பாலும் சரியாகிவிடும்.